மலேரியா ஒட்டுண்ணியின் மாறுவேடம்

தட்டம்மை கண்டு ஒருமுறை தேறியவரை அந்நோய் மீண்டும் அணுகுவது அரிது. முதன்முறை புகுந்த பகையை உடல் நன்கு அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது. மறுமுறை அப்பகை தலைகாட்டியவுடனேயே அதனைத் தாக்கி வீழ்த்திவிடுகிறது. பெரியம்மையும் இத்தகையதே. உடலின் இவ்வியல்பைத் துணைக்கொண்டே பெரியம்மைக்குத் தடுப்பு மருந்து கண்டனர். 1980-ஆம் ஆண்டில் அந்நோய் உலகினின்றும் அடியோடு ஒழிந்துவிட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது.

மலேரியாக் காய்ச்சலின் தன்மை வேறு. அது வந்தவருக்கே மீண்டும் மீண்டும் வரும். ஆப்பிரிக்க நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறக்கும் குழந்தை, ஒரே மழைக்காலத்தில் இருமுறையோ மும்முறையோ அக்காய்ச்சலால் வாடுவது உண்டு. அடுத்த ஆண்டும் அதே துன்பம் தொடரும். 2023-ஆம் ஆண்டில் உலக மக்களுக்கு ஏறத்தாழ 26 கோடி தடவை மலேரியா கண்டது என்றும், ஏறத்தாழ 6 இலட்சம் பேர் அதனால் மாண்டனர் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இறந்தோருள் நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர். அவர்களுள்ளும் நான்கில் மூன்று பங்கினர் 5 வயது நிரம்பாத குழந்தைகள்.

தட்டம்மையை நினைவில் வைக்கும் உடல், மலேரியாவை மட்டும் மறந்துவிடுவது ஏன்? உண்மையில் உடல் மறப்பதில்லை. பகைவன் ஒவ்வொரு முறையும் வேறு முகத்துடன் வருகிறான். கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிர் எவ்வாறு தன் முகத்தை மாற்றிக்கொள்கிறது என்பதைக் கண்டறிய அறிஞர்களுக்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயின.

நோயின் காரணம் கண்ட வரலாறு

மலேரியா என்பது, ‘கெட்ட காற்று’ எனப் பொருள்படும் இத்தாலியச் சொற்களிலிருந்து வந்த பெயர். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் தீய காற்றே இந்நோய்க்குக் காரணம் என்று முன்னாளில் மக்கள் கருதினர். 1880-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அல்ஜீரிய நாட்டின் கான்ஸ்டன்டைன் நகரில் பணிபுரிந்த லாவரான் என்னும் பிரெஞ்சுப் படை மருத்துவர், காய்ச்சலுற்ற படைவீரன் ஒருவனின் குருதியை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். அதில் அசையும் சிற்றுயிர்களைக் கண்டார். நோய்க்குக் காரணம் காற்று அன்று, குருதியில் குடிபுகும் ஓர் ஒட்டுண்ணியே எனத் தெளிந்தார்.

அவ்வொட்டுண்ணி குருதியை அடையும் வழி யாது என்னும் வினாவுக்கு விடை காண வழிவகுத்தவர் ரொனால்டு ராஸ். இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்த அவர், இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்திராபாத்தில், நோயாளியின் குருதியை உண்ட அனாபிலிஸ் கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில் அவ்வொட்டுண்ணி வளர்வதைக் கண்டார். அடுத்த ஆண்டில் கல்கத்தாவில் பறவைகளைத் தாக்கும் மலேரியாவை ஆராய்ந்து, கொசுக்கடியாலேயே அது பரவுகிறது என்பதை மெய்ப்பித்தார். ராசுக்கு 1902-ஆம் ஆண்டிலும், லாவரானுக்கு 1907-ஆம் ஆண்டிலும் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

உடலினுள் ஒட்டுண்ணியின் வாழ்க்கை

மனிதரைப் பற்றும் மலேரியா ஒட்டுண்ணிகள் சில வகைப்படும். அவற்றுள் மிகக் கொடியது பிளாஸ்மோடியம் பால்சிபாரம் என்பது. அஃது ஒரே செல்லால் ஆகிய உயிர். கொசு கடிக்கும்பொழுது அதன் உமிழ்நீருடன் ஒட்டுண்ணிகள் தோலினுள் புகுகின்றன. குருதி வழியே சென்று கல்லீரலை அடைகின்றன. அங்கே ஏறத்தாழ ஒரு வார காலம் ஓசையின்றிப் பெருகி, பின்னர் ஆயிரக்கணக்கில் குருதியில் இறங்குகின்றன.

குருதியில் இறங்கிய ஒவ்வோர் ஒட்டுண்ணியும் ஒரு செங்குருதியணுவினுள் புகுகிறது. அவ்வணுவில் நிறைந்துள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருளை உண்டு வளர்கிறது. ஏறத்தாழ 48 மணி நேரத்தில் ஓர் ஒட்டுண்ணி 16 முதல் 32 வரையிலான குஞ்சுகளாகப் பிரிகிறது. அப்போது செவ்வணு வெடிக்கிறது. வெளிவந்த குஞ்சுகள் வேறு செவ்வணுக்களைத் தேடி நுழைகின்றன. அணுக்கள் கூட்டங்கூட்டமாக வெடிக்கும் வேளையில்தான் நோயாளிக்குக் குளிரும் நடுக்கமும் கடுங்காய்ச்சலும் தோன்றுகின்றன.

ஒன்று 16 ஆகும் கணக்கைத் தடையின்றித் தொடர்ந்து பார்த்தால், ஐந்தாம் சுற்றில், அஃதாவது பத்தே நாள்களில், அதன் தொகை பத்து இலட்சத்தைக் கடந்துவிடும். இவ்வளவு விரைவாகப் பெருகும் பகையை உடல் வாளா பார்த்திருப்பதில்லை. அதற்குக் காவலர் இருவர் உளர்.

முதற்காவலன் மண்ணீரல். குருதியை வடிகட்டும் உறுப்பு அது. அதன் குறுகிய வழிகளில் புகுந்து வெளிவர, செவ்வணு நன்கு வளைந்து கொடுக்க வேண்டும். ஒட்டுண்ணி வளரும் அணு விறைத்துப் போகிறது. ஆதலால் மண்ணீரல் அதனை எளிதில் பிடித்து அழித்துவிடும். இரண்டாம் காவலர் எதிர்ப்பொருள்கள். வெள்ளணுக்களில் ஒருவகை ஆக்கும் புரதங்கள் இவை. ஒவ்வோர் எதிர்ப்பொருளும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மட்டுமே சென்று பொருந்தும். பூட்டுக்குத் தக்க சாவிபோல, பகைவனின் புறத்தோற்றத்துக்குத் தக்க எதிர்ப்பொருளை உடல் ஆக்குகிறது. அதனை ஆக்கி முடிக்கச் சில நாள்கள் ஆகும். ஆக்கிய பின்னர், அவ்வடிவத்தைத் தாங்கிய பகைவர் தப்புவது அரிது.

பற்றும் கை

செவ்வணுவினுள் ஒளிந்திருக்கும் வரையில் ஒட்டுண்ணியை எதிர்ப்பொருள் தொட இயலாது. அவ்வணுவின் புறத்தே எவ்வடையாளமும் இன்றி இருந்துவிட்டால், எதிர்ப்பொருளிடமிருந்து அது தப்பிவிடும். ஆனால், அப்போது மண்ணீரலின் வடிகட்டியில் அகப்பட்டு மாயும். மண்ணீரலுக்குச் செல்லாதிருக்க ஒரே வழி, குருதியோடு ஓடாமல் எங்கேனும் பற்றிக்கொண்டு நின்றுவிடுவதுதான்.

பால்சிபாரம் ஒட்டுண்ணி இவ்வழியையே மேற்கொள்கிறது. செவ்வணுவினுள் புகுந்து ஏறத்தாழ 20 மணி நேரம் ஆனதும், தான் ஆக்கிய ஒரு நீண்ட புரதத்தை அணுவின் மேற்பரப்புக்கு அனுப்புகிறது. மேற்பரப்பில் சிறுசிறு குமிழ்கள் தோன்றுகின்றன. அக்குமிழ்களின்மீது இப்புரதம் கைபோல் நீண்டு நிற்கிறது. மிக நுண்ணிய குருதிக் குழாய்களின் உட்சுவரை அக்கையால் பற்றிக்கொண்டு, செவ்வணு அங்கேயே தங்கிவிடுகிறது. நோயாளியின் விரல் நுனியிலிருந்து எடுத்த குருதியில் இளம் ஒட்டுண்ணிகளே பெரும்பாலும் காணப்படுவதற்கு இதுவே காரணம். முதிர்ந்தவை உள்ளுறுப்புகளின் குழாய்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

நோயின் கொடுமையும் இதனாலேயே மிகுகிறது. ஒட்டிய அணுக்கள் மூளையின் நுண்குழாய்களை அடைத்தால், குழந்தை நினைவிழந்து கிடக்கும், வலிப்பும் வரும். உரிய மருத்துவம் விரைவில் கிடைக்காவிடில் உயிரே போய்விடும்.

மண்ணீரலுக்குத் தப்ப வேண்டுமாயின் ஒட்டுண்ணி கையை வெளியே நீட்டியாக வேண்டும். நீட்டிய கையையோ எதிர்ப்பொருள் கண்டுகொள்ளும். இவ்விரு இடர்களுக்கும் இடையே அகப்பட்ட ஒட்டுண்ணி, நீட்டும் கையின் வடிவத்தை அடிக்கடி மாற்றிக்கொள்வதால் தப்புகிறது.

மாற்றத்தைக் கண்டறிந்த வகை

இம்மாற்றத்துக்குத் தெளிவான சான்று 1965-ஆம் ஆண்டில் கிடைத்தது. கே. என். பிரவுன், ஐ. என். பிரவுன் என்னும் இருவர், குரங்குகளைத் தாக்கும் நோலெசி என்னும் மலேரியா ஒட்டுண்ணியை ஆராய்ந்தனர். நெடுநாள் நோயுற்ற குரங்கின் குருதியில் ஒட்டுண்ணிகள் பெருகுவதும், குறைவதும், மீண்டும் பெருகுவதுமாக அலைபோல் எழுந்து அடங்கின. ஓர் அலை அடங்கிய பின்னர் எடுத்த குருதிநீர், அவ்வலையைச் சேர்ந்த ஒட்டுண்ணிகள் புகுந்த செவ்வணுக்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்தது. அந்த அணுக்களுக்குரிய எதிர்ப்பொருள் அதில் இருந்தது என்பதற்கு இதுவே சான்று. ஆனால், அடுத்து எழுந்த அலையின் அணுக்களை அதே குருதிநீர் ஒன்றும் செய்யவில்லை. குரங்கு ஒன்றே, தொற்றிய நோயும் ஒன்றே, ஒட்டுண்ணியின் புறத்தோற்றம் மட்டும் மாறிவிட்டது.

மனிதரைத் தாக்கும் ஒட்டுண்ணியை இவ்வாறு ஆராய்வதற்கு அதனை உடலுக்கு வெளியே வளர்க்க வேண்டியிருந்தது. 1976-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் டிரேகர், ஜென்சன் என்னும் அறிஞர்கள் பால்சிபாரம் ஒட்டுண்ணியை மனிதக் குருதியணுக்களில் இடைவிடாது வளர்க்கும் முறையைக் கண்டனர். மூடிய கண்ணாடிக் கலத்தினுள் ஒரு மெழுகுவத்தியை எரியவிட்டு, உயிர்வளியைக் குறைத்தே அவர்கள் இதில் வெற்றி பெற்றனர். மெழுகுவத்தியின் துணையால் பெற்ற இவ்வெற்றி, பின்னர் வந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

1992-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள், ஒரே ஓர் ஒட்டுண்ணியிலிருந்து பெருக்கிய கூட்டத்தை இம்முறையில் வளர்த்து நோக்கினர். அக்கலத்தில் எதிர்ப்பொருள் இல்லை. தாக்கும் பகை எதுவும் இல்லை. எனினும், தலைமுறைதோறும் நூற்றுக்கு இரண்டு ஒட்டுண்ணிகள் தம் புறத்தோற்றத்தை மாற்றிக்கொண்டன என்பது தெரியவந்தது. 1995-ஆம் ஆண்டில் மூன்று ஆய்வுக் குழுவினர், இப்புறப் புரதங்களை ஆக்கும் மரபணுக்களைக் கண்டுபிடித்து ஒரே வேளையில் வெளியிட்டனர். மாறுபடும் தன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியைக் கொண்டு, அவற்றுக்கு ‘வார்’ மரபணுக்கள் என்று பெயரிட்டனர்.

அறுபது ஓலைகள்

மரபணு என்பது, உயிரின் செல்லினுள் எழுதிவைக்கப்பட்ட ஒரு கட்டளை எனலாம். இன்ன புரதத்தை இன்னவாறு ஆக்குக என்று அது கூறுகிறது. ஒரு சுவடிக் கட்டில் பல ஓலைகள் இருப்பதுபோலக் குரோமோசோம் என்னும் இழையில் பல மரபணுக்கள் வரிசையாக அமைந்துள்ளன. 2002-ஆம் ஆண்டில் பால்சிபாரம் ஒட்டுண்ணியின் மரபுச் செய்தி முழுவதும் படித்து வெளியிடப்பெற்றது. அதன் 14 குரோமோசோம்களில் ஏறத்தாழ 5,300 மரபணுக்கள் இருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 60 மரபணுக்கள் வார் இனத்தைச் சேர்ந்தவை. அஃதாவது, பற்றும் கையை ஆக்குதற்கு ஒட்டுண்ணியிடம் ஏறத்தாழ 60 வேறுவேறு கட்டளைகள் உள்ளன.

அவ்வறுபதும் ஒரே வேளையில் செயற்படுமாயின், உடல் அறுபது வடிவங்களையும் ஒருசேரக் கண்டு, அனைத்துக்கும் எதிர்ப்பொருள் ஆக்கிவிடும்; ஒட்டுண்ணியின் சேமிப்பு முழுவதும் ஒரே போரில் தீர்ந்துபோகும். அவ்வாறு நிகழ்வதில்லை. பொதுவாக ஓர் ஒட்டுண்ணியில், ஒரு வேளையில், ஒரு வார் மரபணுவே செயற்படுகிறது. எஞ்சியவை வாய்மூடிக் கிடக்கின்றன.

வாய்மூடும் வகையும் அறியத்தக்கது. மரபுச் செய்தி எழுதப்பெற்ற இழை, மணிகள் போன்ற புரதங்களின்மேல் சுற்றப்பட்டிருக்கிறது. செயற்படாத வார் மரபணுக்கள் அமைந்த பகுதிகளில், அம்மணிகளின்மேல் ஓர் இரசாயன முத்திரை இடப்பட்டுள்ளது. அம்முத்திரையைக் கண்டு வேறு புரதங்கள் வந்து கூடி, இழையை இறுகக் கட்டிவிடுகின்றன. இறுகக் கட்டிய சுவடியைப் படிக்க இயலாதது போல, அம்மரபணுவைச் செல் படிக்க இயலுவதில்லை. செயற்படும் ஒரு மரபணு மட்டும் கட்டவிழ்ந்து இருக்கிறது. ஒட்டுண்ணி பிரிந்து பெருகும்போது, எவ்வோலை திறந்திருந்தது என்னும் குறிப்பும் பெரும்பாலும் குஞ்சுகளுக்குச் சென்று சேர்கிறது. ஆதலால் ஒரு குடும்பத்து ஒட்டுண்ணிகளுள் பெரும்பாலானவை ஒரே முகத்துடன் தோன்றுகின்றன. இடையிடையே சிலவற்றில் மட்டும் திறந்த ஓலை மூடிக்கொள்ள, வேறோர் ஓலை திறக்கிறது. எழுத்து எதுவும் மாறுவதில்லை. படிக்கும் ஓலை மட்டுமே மாறுகிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். எதிர்ப்பொருள் வருவதை அறிந்து ஒட்டுண்ணி சூழ்ச்சியாக வேடம் மாற்றுகிறதோ என்பதே அது. அவ்வாறு கருதுவது பிழை. ஒட்டுண்ணிக்கு மூளை இல்லை. வருவதை எண்ணிப் பார்க்கும் ஆற்றலும் இல்லை. வளர்ந்த மனிதர் ஒருவரின் குருதியில் ஏறத்தாழ 25 இலட்சம் கோடி செவ்வணுக்கள் உள்ளன. ஆயிரத்தில் ஓர் அணு மட்டும் பற்றப்பட்டிருந்தாலும், ஒட்டுண்ணிகளின் தொகை 2,500 கோடி ஆகும். அப்பெருங்கூட்டத்தில் தற்செயலாக வேறு முகம் கொண்டவை எப்போதும் சில இருக்கும். எதிர்ப்பொருள் வந்து பழைய முகத்தினரையெல்லாம் அழிக்கும்போது, இச்சிலர் மட்டும் தப்புகின்றனர். தப்பியவரே பெருகி அடுத்த அலையாக எழுகின்றனர். காற்றில் தூற்றும்போது பதர் பறக்க, நெல் மட்டும் நிற்பதை ஒத்தது இது. அங்கே நெல் எதையும் திட்டமிடவில்லை. காற்றே பிரித்து நிறுத்துகிறது.

புதிய வேடங்கள் தோன்றும் முறை

அறுபது வேடங்களும் தீர்ந்த பின் ஒட்டுண்ணி தோற்றுவிடுமன்றோ என்று வினவலாம். ஓர் உடலில் பல திங்கள் போராடி அனைத்தையும் வென்றாலும், அடுத்த கொசுக்கடியில் வரும் ஒட்டுண்ணியின் அறுபது வேறாக இருக்கும். ஏனெனில், உலகில் உள்ள பால்சிபாரம் ஒட்டுண்ணிகள் யாவும் ஒரே அறுபது வார் மரபணுக்களை உடையன அல்ல. ஒவ்வொரு குலத்துக்கும் பெரும்பாலும் தனித்தனிச் சேமிப்பு உண்டு.

இவ்வேறுபாடு பிறப்பது இருவகையால். வார் மரபணுக்களுள் பெரும்பாலானவை குரோமோசோம்களின் நுனிகளுக்கு அருகில் அமைந்துள்ளன. அந்நுனிகள் செல்லின் உட்கருவுடைய ஓரத்தில் சிறுசிறு கொத்துகளாகக் கூடி நிற்கின்றன என்பது 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வால் தெரிந்தது. அருகருகே நிற்கும் மரபணுக்கள் தம் பகுதிகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்கின்றன. இரண்டு ஓலைகளை நடுவே வெட்டி, ஒன்றன் முற்பாதியை மற்றதன் பிற்பாதியோடு இணைத்தால், முன்பு இல்லாத மூன்றாம் ஓலை ஒன்று கிடைக்குமன்றோ? இத்தகைய பரிமாற்றம் மனிதக் குருதியில் ஒட்டுண்ணி பெருகும் காலத்திலேயே நிகழ்கிறது. மேலும், ஆண் பெண் ஒட்டுண்ணிகள் கூடுவது கொசுவின் வயிற்றினுள்ளே ஆதலின், இரு குலத்தின் மரபணுக்கள் அங்கே கலந்து புதிய சேர்க்கைகள் உண்டாகின்றன. இவற்றால், உலகில் வழங்கும் வார் மரபணு வகைகளுக்கு எல்லை காண்பது அரிதாயிற்று.

ஒட்டுண்ணிக்கு இத்துணைச் சேமிப்பு எதன்பொருட்டு? மேற்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் ஆண்டில் சில திங்களே மழை பெய்கிறது. எஞ்சிய காலத்தில் நீர்நிலைகள் வற்றுகின்றன, கொசுக்களும் அருகிவிடுகின்றன. அடுத்த மழை வரையில் ஒட்டுண்ணி மனித உடலிலேயே உயிர் தாங்கி இருந்தாக வேண்டும். ஒரே முகத்துடன் இருப்பின் சில வாரங்களில் உடல் அதனை ஒழித்துவிடும். முகத்தை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றும் ஒட்டுண்ணியே பல திங்கள் நிலைத்திருந்து, மழையோடு வரும் கொசுவின் வாயை அடைகிறது.

உடல் கற்கும் பாடம்

ஒட்டுண்ணி மாறிக்கொண்டே இருப்பினும், உடலும் சோர்ந்து நிற்பதில்லை. 1900-ஆம் ஆண்டை ஒட்டி நியூகினியில் ஆராய்ந்த ராபர்ட் காக் என்னும் செர்மானிய அறிஞர், நோய் மலிந்த ஊர்களில் குழந்தைகளின் குருதியில் ஒட்டுண்ணி நிறைந்திருப்பதையும், வளர்ந்தோர் குருதியில் அஃது அரிதாயிருப்பதையும் கண்டார். பல ஆண்டு நோயுற்றுத் தேறியதன் பயனாக வளர்ந்தோர் எதிர்ப்பாற்றல் பெறுகின்றனர் என்று அவர் உணர்ந்தார்.

1961-ஆம் ஆண்டில் மக்கிரிகர், கோஹன் முதலிய அறிஞர்கள், காம்பியா நாட்டில் வளர்ந்தோரின் குருதியிலிருந்து எதிர்ப்பொருள்களைப் பிரித்தெடுத்து, மலேரியாவால் வாடிய குழந்தைகளுக்குச் செலுத்தினர். சில நாள்களில் குழந்தைகளின் குருதியில் ஒட்டுண்ணிகள் வெகுவாகக் குறைந்தன. 1963-ஆம் ஆண்டில், மேற்கு ஆப்பிரிக்கர்தம் எதிர்ப்பொருள் கிழக்கு ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கும் பயன்பட்டது என்று வெளியிட்டனர். இதனால், வளர்ந்தோரின் குருதியில் உள்ள எதிர்ப்பொருள்கள் ஓர் ஊர் ஒட்டுண்ணிக்கு மட்டும் உரியன அல்ல என்பது புலனாயிற்று.

பின்னர் மார்ஷ் முதலியோர் செய்த ஆராய்ச்சி, இவ்வாற்றல் சேரும் முறையைத் தெளிவாக்கியது. நோயிலிருந்து தேறிய குழந்தையின் குருதிநீர், அக்குழந்தையைத் தாக்கிய ஒட்டுண்ணியின் முகத்தை அறிந்துகொள்கிறது. பிற குழந்தைகளைத் தாக்கியவற்றின் முகங்களை அறிவதில்லை. வளர்ந்தோர் குருதிநீரோ பல முகங்களை அறிகிறது. கென்யாவின் கிலிபி என்னும் ஊரில் ஆராய்ந்து 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி இதற்கு மேலும் வலிவூட்டியது. ஒரு குழந்தைக்கு எவ்வெம்முகங்களுக்குரிய எதிர்ப்பொருள் இல்லையோ, அம்முகங்களைத் தாங்கிய ஒட்டுண்ணிகளே அக்குழந்தையை நோயில் வீழ்த்தின. குழந்தையின் எதிர்ப்பாற்றலில் இருந்த இடைவெளிகள் வழியாகவே பகை புகுந்தது.

ஆகவே, ஒவ்வொரு காய்ச்சலும் உடலுக்கு ஒரு பாடம். பல பாடங்கள் சேர்ந்த பின்னரே காப்பு உண்டாகிறது. ஆனால், அப்பாடங்களைக் கற்று முடிக்குமுன்பே எண்ணற்ற குழந்தைகள் மடிந்துபோகின்றனர். இயற்கை தரும் எதிர்ப்பாற்றலுக்கு மக்கள் கொடுக்கும் விலை அது.

கற்றவருக்கும் ஒரு காலத்தில் புதிய இடர் நேர்வது உண்டு. மலேரியா மலிந்த நாட்டில் வளர்ந்து, எதிர்ப்பாற்றல் நிரம்பப் பெற்ற பெண், முதன்முறை கருவுறும்போது மீண்டும் மலேரியாவால் துன்புறுகிறாள். இதன் காரணத்தை, கென்யாவில் செய்த ஆராய்ச்சி 1996-ஆம் ஆண்டில் விளக்கியது. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு தனிப்பொருளைப் பற்றும் ஒட்டுண்ணிகள் அங்கே குவிகின்றன. அப்பொருளைப் பற்றும் கையை ஆக்குவது ஒரு குறிப்பிட்ட வார் மரபணு. அம்முகத்தை அவள் உடல் முன்னர்ப் போதிய அளவு கண்டதில்லை. அதனால் தாய்க்குக் குருதிச்சோகையும், குழந்தைக்கு எடைக்குறைவும் நேர்கின்றன. இரண்டாம் முறை, மூன்றாம் முறை கருவுறும்போது அம்முகத்தையும் உடல் கற்றுக்கொள்கிறது; துன்பமும் குறைகிறது.

மாற்ற இயலாத இடம்

நஞ்சுக்கொடியைப் பற்றும் அவ்வொரு மரபணு, மற்றொன்றையும் கற்பிக்கிறது. பிற வார் மரபணுக்கள் நாட்டுக்கு நாடு பெரிதும் மாறுபட, இது மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய ஒத்திருக்கிறது. காரணம் வெளிப்படை. பற்றவேண்டிய பொருள் மாறாதிருக்கும்போது, பற்றும் கையின் உள்ளங்கை மட்டும் எவ்வாறு விருப்பம்போல் மாறும்? மிகவும் மாறிவிட்டால் பிடி நழுவிவிடும். வேடத்தை மாற்றலாம்; செய்யவேண்டிய தொழிலை மாற்ற இயலாது.

இவ்வுண்மையே இன்று அறிஞர்க்கு வழிகாட்டுகிறது. கடுமையான மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணிகள், குருதிக் குழாயின் சுவரில் உள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பற்றுகின்றன என்பது 2013-ஆம் ஆண்டில் தெரியவந்தது. பற்றும் அப்பகுதி நூற்றுக்கணக்கான வடிவங்களில் காணப்படினும், பிடி அமையும் சிறிய இடம் ஒத்திருக்கிறது. மலேரியா மிகுந்த இடத்தில் வாழ்ந்தோரின் குருதியிலிருந்து, அவ்விடத்தில் பொருந்திப் பல வடிவங்களையும் ஒருங்கே தடுக்கும் எதிர்ப்பொருள்களைப் பிரித்தெடுத்த செய்தி 2024-ஆம் ஆண்டில் வெளிவந்தது. செவ்வணுவினுள் நுழைவதற்கு ஒட்டுண்ணி கையாளும் மற்றொரு புரதமும் இத்தகையதே. எக்குலத்து ஒட்டுண்ணியும் அப்புரதம் இன்றி உள்ளே புக இயலாது. ஆதலால் அது மிகுதியாக மாறுவதில்லை. அதனை அடிப்படையாகக் கொண்ட தடுப்பு மருந்து புர்கினா பாசோ நாட்டுக் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு நம்பிக்கை அளித்துள்ளது.

வேறொரு வழியும் கைவந்துள்ளது. ஒட்டுண்ணி கல்லீரலை அடையுமுன்னரே அதனை மறிப்பது அவ்வழி. கொசுவிலிருந்து இறங்கும் நிலையில் ஒட்டுண்ணியின் தொகை மிகக் குறைவு. அந்நிலையில் அறுபது வேடங்களும் அதற்கு இல்லை. அதன் மேற்பரப்பை முற்றும் போர்த்தியிருக்கும் ஒரு புரதத்தின் பகுதியைக் கொண்டு ஆக்கிய முதல் தடுப்பு மருந்தை, குழந்தைகளுக்கு அளிக்கலாம் என உலக நலவாழ்வு நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. ஆக்ஸ்போர்டு அறிஞர் உருவாக்க, புனே நகரத்து நிறுவனம் ஒன்று பேரளவில் ஆக்கும் இரண்டாம் மருந்து 2023-ஆம் ஆண்டில் பரிந்துரை பெற்றது. இவை நோயை முற்றும் தடுப்பன அல்ல. எனினும் பல குழந்தைகளின் உயிரைக் காக்க வல்லவை.

மாறுவேடம் பூண்ட பகைவனை முகத்தைக் கொண்டு அறிய இயலாதாயின், அவன் நடையையும் தொழிலையும் கொண்டு அறிவர் காவலர். மலேரியா ஆராய்ச்சியும் அத்தகைய காவலே. ஒட்டுண்ணிக்கு எத்தனை முகங்கள் இருப்பினும், மனிதரை அடையக் கொசுவே அதன் வாகனம். கொசுவலை, தேங்கிய நீரை அகற்றல், காய்ச்சல் கண்டவுடன் குருதியைச் சோதித்து மருந்துண்ணல் ஆகியவை எல்லா வேடங்களுக்கும் பொதுவான தடைகள். இத்தகைய தடைகளை இடைவிடாது மேற்கொண்டதன் பயனாக, ஒரு காலத்தில் இந்நோயால் பல்லாயிரவரை இழந்த இலங்கை, 2016-ஆம் ஆண்டில் மலேரியா அற்ற நாடு என்று உலக நலவாழ்வு நிறுவனத்தால் சான்றளிக்கப்பெற்றது. ஆப்பிரிக்காவின் குழந்தைகளும், காய்ச்சலுக்குக் காய்ச்சல் உயிரைப் பணயம் வைத்துப் பாடம் கற்கவேண்டாத நாள் ஒன்று வர வேண்டும். அந்நாளை விரைந்து கொணரும் பொறுப்பு மனித அறிவுக்கு உரியது.